முரசு அடிக்கச் சொன்னவன்

போன வாரம் பதுளையில் ஒரு கல்யாண வீடு. சாப்பிட்டு முடித்து, நம் வயசுக்காரர்கள் எல்லாரும் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். முழங்கால் வலி, சீனி வருத்தம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் என்று பேச்சு ஒரு சுற்றுப் போய் வந்தது. அப்போது ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "அந்தக் காலத்துல லயத்துல நாமெல்லாம் எவ்வளவு சமமா இருந்தோம்! ஒருத்தருக்கு என்னா இருந்திச்சோ அதுதான் எல்லாருக்கும். பொறாமை இல்ல, போட்டி இல்ல. இப்ப பாருங்க." நீங்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள். கல்யாண வீட்டில் சண்டை வேண்டாம் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. சமமாக இருந்தோமாம்! எந்தச் சமத்தைச் சொல்கிறீர்கள்? வரிசையாகக் கட்டிய லயத்தில், அந்த ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து வளர்ந்த நீங்களே இப்படிப் பேசினால் பேரப்பிள்ளைகள் நம்பத்தானே செய்வார்கள்? அதனால் இப்போது சொல்கிறேன். கொஞ்சம் காது கொடுங்கள்.

நான் சொல்லப்போவது ஒரேயொரு மாரிகாலத்தைப் பற்றி. எனக்கு அப்போது பதினைந்து வயசு. ஹாலிஎலவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து குறுக்குப் பாதையால் இறங்கி, பஸ் பிடித்து, பதுளை டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஐப்பசியில் பிடித்த மழை தை வரைக்கும் விடவில்லை. நம் ஊவா மழைதான் உங்களுக்குத் தெரியுமே. காலில் அட்டை, பாவாடை ஓரத்தில் சேறு, புத்தகங்களுக்கு மேலே உரப்பை. டவுன் பிள்ளைகள் என் பக்கத்தில் உட்காரும்போது மூக்கைச் சுருக்குவார்கள். என்மேல் அடுப்புப் புகை வாசம் அடிக்குமாம். அடிக்கத்தான் செய்யும். அதற்கு நான் என்ன செய்ய?

காம்பராவை மறந்துவிட்டீர்களா? நான் மறக்கவில்லை. முன்னால் ஒரு கதவு, கதவோடு ஒட்டி ஒரு சின்ன மரப்பலகை ஜன்னல். அதுவும் இஸ்தோப்பு என்கிற முன்திண்ணையின் கூரைக்குக் கீழே இருந்ததால் வெளிச்சம் வாசலோடு நின்றுவிடும். பின்சுவர் கருங்கல்லும் மண்ணுமாக முழுச்சுவர். அந்தச் சுவரோடு அடுப்பு. மழைக்குக் கதவைச் சாத்தினால் பட்டப்பகலில் குப்பி லாம்பு கொளுத்த வேண்டும். ஈர விறகு புகைந்து, கண் எரிந்து, யார் இருமுகிறார்கள் என்றுகூடத் தெரியாது. எல்லாக் காம்பராவும் அப்படித்தான். ஒரே அளவு, ஒரே இருட்டு. நீங்கள் சொன்ன சமம் இதுதான்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களை ஒரே வாங்குப் பலகையில் உட்கார வைத்துவிடலாம். அதில் தோட்டத்துப் பிள்ளை நான் மட்டும். படிப்பித்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த டீச்சர். நெற்றியில் திருநீறு, வெள்ளைச் சேலை, எப்போதும் கையில் குடை. நல்லவர்தான், பாவம். பாடத்துக்குப் புத்தகம் கிடைக்காததால் ஒரு கதையைத் தானே தட்டச்சு அடித்து ரோனியோவில் படியெடுத்துத் தந்தார். அந்தத் தாளின் மை வாசம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. கையில் ஒட்டினால் இரண்டு நாளைக்குப் போகாது.

கதை இதுதான். ஒரு நாடு. அங்கே யாரும் யாரையும்விட வேகமாக நடக்கக்கூடாது. வேகமாக நடப்பவனைப் பார்த்து மெதுவாக நடப்பவன் மனசு நோகுமாம். அதனால் ஊரிலேயே மெதுவாக நடப்பவனின் நடைதான் சட்டம். தெருவுக்குத் தெரு கோபுரம், கோபுரத்தில் முரசு. அது அடிக்கிற கணக்குக்குத்தான் கால் வைக்க வேண்டும். ஒரு நாள் காற்று அடித்து ஒரு பெண்ணின் சால்வை பறக்கிறது. அதைப் பிடிக்க அவள் ஓடிவிடுகிறாள். ஓடினால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிகிறது. மறுநாள் சால்வை பறக்காமலே ஓடுகிறாள். பிடித்துவிடுகிறார்கள். தண்டனை, ஊர்வலத்துக்கு முன்னால் எல்லாரும் பார்க்க அவள் முரசுக்கு ஏற்றபடி நடக்க வேண்டும். நடக்கிறாள். ஆனால் சப்பாத்துக்குள்ளே அவள் கால்விரல்கள் மட்டும் வேறொரு தாளம் போடுகின்றன. அதோடு கதை முடிகிறது.

டீச்சர் கதையை வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கட்டாயப்படுத்திற சமத்துவம் மனிசற்ர சுதந்திரத்தைச் சாகடிச்சுப்போடும். இதுதான் கதையின்ர கருத்து. எழுதுங்கோ பிள்ளையள்" என்றார். எல்லாரும் எழுதினார்கள். எனக்குப் பேனை ஓடவில்லை. எனக்கு எங்கள் தோட்டத்துத் தப்புப் பறைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. விடியலில் தப்பு அடித்தால் எல்லாரும் எழும்பிப் பெரட்டுக்கு ஓட வேண்டும், அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க. தப்பு அடிக்கிறவரும் அடித்து முடித்ததும் அதைச் சுவரில் மாட்டிவிட்டு எங்களோடுதான் ஓடுவார். அடிக்கச் சொன்ன தோட்டத்துத் தொரை அந்த நேரத்தில் பங்களாவில் போர்வைக்குள் இருப்பார்.

நான் எழுந்து நின்றேன். "டீச்சர், முரசு அடிக்கச் சொன்னவன் எந்த வேகத்துல நடப்பான்?"

"என்ன?"

"சட்டம் போட்டவன் டீச்சர். அவனுக்கும் கால் இருக்கும்தானே. அவனும் அந்தத் தாளத்துக்குத்தான் நடப்பானா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் தாளைப் புரட்டிப் பார்த்தார். "அது கதையில இல்லைப் பிள்ளை. கதையில இல்லாததைக் கேக்கக் கூடாது. சோதனையிலயும் வராது." பிறகு என்ன நினைத்தாரோ, குரலைத் தணித்து, அன்பாகத்தான் சொன்னார்: "உங்கட தோட்டத்தில எல்லாரும் ஒரே மாதிரித்தானே இருக்கினம். அதுதான் உனக்கு இந்தக் கதையின்ர பயங்கரம் விளங்கேல்லை. இன்னொருக்கா வாசி."

எனக்குச் சுருக்கென்றது. விளங்கவில்லையாம்! அந்த வகுப்பிலேயே அந்தக் கதைக்குள் குடியிருந்தவள் நான் ஒருத்திதான். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று உட்கார்ந்துகொண்டேன்.

இன்னொரு தடவை வாசிக்கத்தான் வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை காம்பராவுக்குள் லாம்பை மடியோடு வைத்துக் குனிந்து வாசித்தேன். வெளியே மழை. கதவு சாத்தியிருந்தது. என்னவோ கருகுகிற வாசம் வந்தது, கறியென்று நினைத்தேன். அம்மா பாய்ந்து வந்து என் தலையில் அடித்துத் தீயை அணைத்தார். நெற்றிப்பக்கம் ஒரு கொத்து முடி பொசுங்கிப் போயிருந்தது. அம்மா அந்தக் கருகிய முடியை விரலால் தேய்த்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. என் அம்மா பேசாமல் இருந்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார், அவ்வளவு பயம்.

அடுத்த நாள் ஞாயிறு. எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் தோட்டத்துக்குக் கல் கட்டுகிற மேசன் இருந்தார். அம்மா போய் அவரிடம் கடப்பாரையை, அலவாங்கை, கேட்டார்.

"எதுக்குங்கக்கா?"

"கெழங்கு நோண்ட."

கிழங்கு நோண்ட வந்த அலவாங்கு நேரே எங்கள் பின்சுவரில் இறங்கியது. அப்பா பதறிப்போனார். "ஏய், உனக்குப் பைத்தியமா? தொரைக்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம..."

"கேட்டா குடுப்பாரா?"

"குடுக்க மாட்டாரு."

"அப்ப எதுக்குக் கேக்கணும்? புள்ளயப் புடிங்க, மண்ணு விழும்."

முதல் கல் வெளியே விழுந்ததும் உள்ளே வந்த வெளிச்சத்தில் எங்கள் காம்பராவை நான் முதல்தடவையாகப் பார்த்தேன். கூரையெல்லாம் கரி, கம்பி கம்பியாக ஒட்டடை. அம்மா முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தது, அவ்வளவு கிட்டத்தில் பார்த்திருந்தும் எனக்கு அது தெரியாது. ஓட்டை பெரிதானதும் நான் தலையை வெளியே நீட்டினேன். கீழே மழைத்தண்ணீர் ஓடும் கான், அப்புறம் ஒரு கொய்யா மரம், அதற்குக் கீழே ரயில் பாதை வளைந்து போகிற இடம், எதிரே மேகத்துக்குள் நமுனுகுல மலை. பிறந்த நாளிலிருந்து இது எல்லாம் எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது. எனக்கு வந்த சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம். இதை யார் எங்களிடமிருந்து மறைத்தது?

தேயிலைப் பெட்டிப் பலகையால் அம்மா ஒரு கதவு அடித்தார். அன்றைக்கு அடுப்புப் புகை தன்பாட்டில் எழுந்து வெளியே போனது. நான் ஜன்னலுக்குக் கீழே குந்தியிருந்து முழுக்கதையையும் லாம்பு இல்லாமல் வாசித்தேன்.

பக்கத்துக் காம்பரா அத்தை இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் இஸ்தோப்பில் நின்று கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். "என்னா மதினி, ஒங்களுக்கு மட்டும் ராஜா காம்பராவா? நாங்கல்லாம் மனுசங்க இல்லையா?" அம்மா, "ஒங்களுக்கும் ஒடச்சித் தரவா?" என்று கேட்டார். அத்தைக்கு அது இன்னும் கோபம். அவர் புருஷன் நெஞ்சு வருத்தத்தில் படுத்த படுக்கை. ஏற்கெனவே வேலைக்குப் போகாதவரை லயத்தில் வைத்திருக்கிறோம் என்று கணக்கப்பிள்ளை ஐயா சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பயம் அத்தைக்கு. அன்று சாயந்தரமே விஷயம் கணக்கப்பிள்ளை காதுக்குப் போய்விட்டது.

கணக்கப்பிள்ளை வருகிறார் என்று தெரிந்ததும் அப்பா ஒரு வேலை செய்தார். சுவரில் தொங்கிய மாரியம்மன் படத்தைக் கழற்றி ஜன்னலுக்குள் நிமிர்த்தி வைத்து, பூ வைத்து, விளக்கையும் ஏற்றிவிட்டார். கணக்கப்பிள்ளை உள்ளே வந்தார். அம்மனைப் பார்த்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு மறுபடி வந்து கும்பிட்டார்.

"இது என்னாப்பா?"

"மாடமுங்கய்யா. சாமி மாடம்."

"சாமி மாடமா? பெரிசா இருக்கே."

"பெரிய சாமிதானுங்களே."

கணக்கப்பிள்ளைக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டு போய்விட்டார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் அம்மன் அந்த ஜன்னலை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றாள். நான் பழையபடி லாம்பு கொளுத்தினேன். அம்மா நாலு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் அம்மனைத் தூக்கிப் பழைய ஆணியிலேயே மாட்டினார். "தாயே, நீ இங்கயே இரு. ஒன் மூஞ்சியும் வெளிச்சத்துல தெரியட்டும்" என்றார். அவ்வளவுதான், பொய் முடிந்தது, விஷயம் தொரை வரைக்கும் போனது.

அடுத்த ஞாயிறு கோயிலுக்கு முன்னால் கூட்டம். தொழிற்சங்கத் தலைவர் வந்திருந்தார். நல்ல பேச்சுக்காரர், எங்களுக்காகப் பல தடவை தொரையோடு சண்டை பிடித்தவர். அதை நான் மறுக்க மாட்டேன். அவர் நம் பக்கம்தான் பேசுவார் என்று அம்மா நம்பியிருந்தார்.

"தங்கச்சி, நான் சொல்றதக் கேளு" என்று ஆரம்பித்தார். "சங்கம்னா என்னா? எல்லாரும் ஒண்ணுங்கிறதுதான். இன்னைக்கு நீ ஜன்னல் வப்ப. நாளைக்கு ஒருத்தன் காம்பராவப் பெருசாக்குவான். அப்புறம் ஒத்துமை எங்க இருக்கும்? தொரையும் அதத்தான் சொல்றாரு. ஒருத்தருக்குன்னா எல்லாருக்கும் செய்யணும், செய்றதுக்கு வசதி இல்ல. அதனால யாருக்கும் வேணாம். சம்பள நாளுக்குள்ள அடச்சிரு. இல்லாட்டி ஒங்க ரெண்டு பேருக்கும் வேலை இல்ல, காம்பராவையும் விடணும்."

தலைவர் வீடு ஹாலிஎல சந்தியில் இருந்தது. கண்ணாடி ஜன்னல், பூப்போட்ட திரை. நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது தினமும் பார்ப்பேன். தொரையின் பங்களாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், சுவரைவிட ஜன்னல்தான் அதிகம். அவர்கள் இருவரும் சேர்ந்து எங்களுக்குச் சமத்துவம் சொல்லித் தந்தார்கள். எனக்கு அந்தக் கதையின் முரசு நன்றாகக் கேட்டது.

அப்பா உடைந்துவிட்டார். "அடச்சிருவோம். புள்ளயப் படிக்க வைக்கணும்னா மொதல்ல குந்த எடம் வேணும்" என்றார். அதில் தப்பு இல்லை. எங்கே போவோம்? மேட்டில் குடிசை போட்டால்கூடத் தோட்டத்து மண். அம்மா கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தார்.

அந்த வாரம் நான் டீச்சரின் வாடகை அறைக்குப் போனேன், தவறவிட்ட தாள் ஒன்றை வாங்கி வர. முஸ்லிம் முதலாளி ஒருவரின் துணிக்கடைக்கு மேலே மாடியறை. மத்தியான நேரம், மழை விட்டு நல்ல வெயில். ஆனால் டீச்சர் அறையில் ஜன்னல்கள் இறுக்கச் சாத்தி, கனத்த சேலையொன்றைத் திரையாகப் போட்டிருந்தார். உள்ளே மின்குமிழ் எரிந்தது. நான் தட்டியதும் "ஆரது?" என்று இரண்டு தரம் கேட்டுத்தான் திறந்தார். அழகான கண்ணாடி ஜன்னல், தெருவைப் பார்த்தபடி. அதைச் சாத்தி வைத்திருக்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு ஓட்டைக்காக வேலையே போகப்போகிறது, இங்கே இருக்கிற ஜன்னலைத் திறக்கவே மனசில்லை. அந்தக் கோபத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அலவாங்கு, அம்மன், தலைவர், சம்பள நாள், எல்லாம். டீச்சர் தாளைத் தேடிக்கொண்டே கேட்டார். தாளைத் தந்து, "வெள்ளனப் போ பிள்ளை, இருட்ட முந்தி" என்று மட்டும் சொன்னார்.

சம்பள நாளுக்கு முந்தின சனிக்கிழமை, மழைக்கு வேலை பாதியில் நின்றது. அம்மா நனைந்து வந்து ஜன்னலோரம் தலையைத் துவட்டிக்கொண்டே, "நீ படிக்கிறியே, அந்தக் கதை என்னா? அதுக்காகத்தானே இவ்வளவும்? சொல்லு" என்றார். நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன். இடைச்சுவர் கூரை வரைக்கும் இல்லாததால் பக்கத்துக் காம்பராவுக்கு எல்லாம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் அத்தை நனைந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார், சண்டைக்கு வந்தவர் போலத்தான். உட்கார்ந்துவிட்டார். பின்னால் இன்னும் இரண்டு மூன்று பெண்கள் வந்தார்கள். மேசனின் பெண்சாதியும் வந்தார்.

கதை முடிந்ததும் அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். "சட்டம் நல்ல சட்டந்தானே? எம் புருசனால நடக்கவே முடியாது. எல்லாரும் ஓடுனா அவரு கதி என்னா? அவருக்காக நாலு பேரு மெதுவா நடந்தா என்னா கொறஞ்சிரும்?"

டீச்சர் இந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை. நானும் நினைத்துப் பார்க்கவில்லை.

அம்மா துவாயை உதறினார். "அவருக்காக நான் மெதுவா நடப்பேன் மதினி. ஒங்க கூடையில கொழுந்து கொறஞ்சப்ப எங்கூடையில இருந்து அள்ளிப் போடலியா? யாரு அடிச்ச தப்புக்குப் போட்டேன்? நானாப் போட்டேன். அது வேற. எங்காலக் கட்டிப்போட்டா அவருக்கு நடை வருமா?" கொஞ்சம் நிறுத்தி, "சரி, அவரு என்னா பாக்குறாரு, பகல் பூராவும் படுத்துக்கிட்டு?" என்று கேட்டார்.

"சொவத்தப் பாக்குறாரு. வேற என்னா?" என்ற அத்தை சாக்கை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

அப்புறம் அம்மா சொன்னார்: "கதையில அந்தப் புள்ள தனியா ஓடுச்சி, அதான் புடிச்சிக்கிட்டாங்க. ஊரே ஓடியிருந்தா எவளப் புடிப்பாங்க?"

மேசனின் பெண்சாதி எழுந்து போய் அலவாங்கை எடுத்து வந்து எங்கள் வாசலில் சாய்த்து வைத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காலையில் தொடங்கிய சுவர் இடிக்கிற சத்தம், கல் விழுகிற சத்தம், பெண்களின் சிரிப்பு. ஆண்கள் முதலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள், பிறகு அவர்களும் கை வைத்தார்கள். என் அப்பாதான் எல்லாருக்கும் முன்னால் நின்றார் என்று இப்போது சொன்னால் நம்புவீர்களா? தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு, "இங்க அடி, அங்க வேணாம்" என்று ஒரே அதிகாரம். அந்த லயத்தின் பின்சுவர் சாயந்தரத்துக்குள் கண் திறந்துவிட்டது.

ஒரு ஜன்னலும் மற்றது மாதிரி இல்லை. அடுப்படியில் நின்றே சமைப்பவள் தன் நெஞ்சு உயரத்தில் வைத்தாள். கைக்குழந்தைக்காரி குளிர் படாமல் மேலே சின்னதாக வைத்தாள். கோழி வளர்ப்பவள் அகலமாக ஒன்று, அது கோழி போகவா காற்று வரவா என்று யாருக்கும் தெரியாது. மேசன் தன் வீட்டுக்கு வளைவு வைத்து, சுண்ணாம்பும் பூசி, ஏதோ பங்களா மாதிரி பண்ணிவிட்டார். பக்கத்துக் காம்பரா அத்தை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நீளமாக உடைக்கச் சொன்னார். அவர் புருஷனை, படுத்திருந்த மாமாவை, பாயோடு இழுத்து அதற்கு நேரே படுக்க வைத்தார்கள். ரயில் வளைவில் வரும்போது மாமா கையைத் தூக்கிக் காட்டினார். அத்தை சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதார். நானும் அழுதேன். அம்மா மட்டும் அழவில்லை, அடுத்த காம்பராவுக்குக் கல் சுமக்கப் போய்விட்டார்.

சம்பள நாளன்று தொரை ஜீப்பில் வந்தார். கூடவே கணக்கப்பிள்ளை, தலைவர். லயத்தின் பின்னால் கான் ஓரமாக நடந்து பார்த்தார்கள். தொரைக்கு முகம் சிவந்துவிட்டது.

"இது என்ன? நான் சொன்னது என்ன? எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும் என்றுதானே சொன்னது?"

அம்மா கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே சொன்னார்: "ஒருத்தருக்குன்னா எல்லாருக்கும்னு சொன்னீங்க தொரை. இப்ப எல்லாருக்கும் ஆயிருச்சிங்க."

"ஒன்றுபோல ஒன்று இல்லையே!"

"ஒருத்தர்போல ஒருத்தர் இல்லீங்களே."

தலைவர் இருமினார். தொரை கணக்கப்பிள்ளையைப் பார்த்து, எல்லாவற்றையும் அடைக்கச் சொல்லுங்கள் என்றார். கணக்கப்பிள்ளை கையைப் பிசைந்தார். அடைக்க வேண்டியவர் மேசன். மேசன் தன் வளைவு ஜன்னலுக்குள்ளிருந்து தலையை நீட்டி மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "எந்தக் காம்பராவ மொதல்ல அடைக்கிறதுங்க தொரை? ஒண்ண மொதல்ல அடச்சா மத்தவங்களுக்குச் சமமா இருக்காதுங்களே."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து மாமா தரையோரத்து ஜன்னலுக்குள்ளிருந்து தொரையின் சப்பாத்துக்கு நேரே, "சலாமுங்க தொரை" என்றார். தொரை ஒரு அடி பின்னால் துள்ளிவிட்டார். அவ்வளவுதான். ஒரு முழு லயத்தையே வேலையிலிருந்து நிறுத்தினால் அந்த மாதக் கொழுந்தை யார் எடுப்பது? ஜீப் வந்த வழியே இறங்கியது. கூரை ஒழுகினால் தோட்டத்திடம் கேட்கக்கூடாது என்று கொஞ்ச நாளில் ஒரு உத்தரவு வந்தது. அதற்கு முன்னால் கேட்டபோது மட்டும் அடைத்துத் தந்தார்களாக்கும்!

தவணைப் பரீட்சையில் அந்தக் கதைக்குத்தான் கேள்வி வந்தது. ஓடிய பெண் செய்தது சரியா? அத்தையின் கேள்வியையும் எழுதினேன், அம்மாவின் பதிலையும் எழுதினேன். கடைசியில் என் பழைய கேள்வியையே வேண்டுமென்றே மறுபடி எழுதி வைத்தேன். மார்க்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. தாள் திரும்பி வருவதற்கு முன்னாலேயே டீச்சர் ஊருக்கே திரும்பிப் போகிறார் என்று சொன்னார்கள்.

கடைசி நாள் பள்ளிக்கூட வாசலில் ஒரு பெட்டியோடு நின்றார். வாடகைக் கார் காத்துக்கொண்டிருந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"உங்கட ஜன்னல் இன்னும் இருக்கோ?"

"இருக்கு டீச்சர். எல்லா வீட்டுலயும் இருக்கு."

அவர் என் பொசுங்கிய முடியைத் தொட்டுப் பார்த்தார். அது அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. "நீ கேட்ட கேள்வி சரி பிள்ளை" என்றார். பிறகு தெருவை இரண்டு பக்கமும் ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அடைக்க விடாதை."

அவர் ஏன் நல்ல வெயிலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. தமிழ்ப் பெண், தனியாக, அந்த ஊரில், தமிழரைத் தேடித் தேடி அடித்த அந்தக் கலவர வருஷங்களில். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நாமும் அப்போது இங்கேதான் இருந்தோம். நான் தட்டியதும் அவர் "ஆரது?" என்று இரண்டு தரம் கேட்டது ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது. அவரைத் திமிர் பிடித்தவர் என்று நினைத்துக்கொண்டு படி இறங்கி வந்தேன். பதினைந்து வயசு, என்ன தெரியும்? அவர் எங்கே போனார், என்ன ஆனார், ஒரு தகவலும் கிடைக்கவில்லை.

அந்த ரோனியோ தாள் வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. அம்மாவும் போய்விட்டார். லயம் இருக்கிறது. அது இன்னும் இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட மாட்டேன், அதுவும் ஒரு அநியாயம்தான். ஆனால் கல்யாண வீட்டுக்கு மறுநாள், முழங்கால் வலியோடு, ஆட்டோ பிடித்து மேலே போய் லயத்துக்குப் பின்னால் கான் ஓரமாக நடந்து பார்த்தேன். ஒன்றில் நீலச் சட்டம், ஒன்றில் கம்பி, ஒன்றில் பழைய சேலைத் திரை, வளைவு ஜன்னலில் யாரோ ரோஜாத் தொட்டி வைத்திருக்கிறார்கள். தரையோரத்து ஜன்னலில் ஒரு குழந்தை குப்புறப் படுத்துக்கொண்டு ரயில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

ஆகவே, வெற்றிலைக்காரரே, அடுத்த கல்யாண வீட்டில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். எடுத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். உங்களை அந்தக் கான் ஓரம் கூட்டிக்கொண்டு போவேன். நாம் எப்போது சமமானோம் என்று அந்தச் சுவர் சொல்லும்.

டீச்சர், நீங்கள் எங்கே இருந்தாலும் சரி. அடைக்க விடவில்லை.